எல்லாருக்கும் ஒரே விகித வருமான வரி: நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்த்தால்

பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மாதச் சம்பளம் 5,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 6,000 ஆனது. ஆனால் வரி ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. பல்கேரியாவில் எல்லாருக்கும் 10 விழுக்காடுதானாம், ஹங்கேரியில் 15. இங்கே மலேசியாவில் பூஜ்யத்தில் தொடங்கி 30 வரை பத்துப் படி எதற்கு? ஒரே விகிதம் வைத்தால் குழப்பமும் தீரும், உழைக்கிறவனுக்கும் நியாயம் கிடைக்கும் இல்லையா? இதில் நன்மை என்ன, கெடுதல் என்ன?"

தம்பி, உங்கள் அப்பா அம்மா சுங்கை சிப்புட்டில் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் இதே ஊரில்தான் கணக்கு எழுதுகிறேன். மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் என் கடையில் உட்கார நாற்காலி கிடைக்காது. தோட்டத்து ஆட்கள், ஆலைத் தொழிலாளர்கள், லோரி வைத்திருப்பவர்கள், ஆசிரியர்கள், ஈப்போவில் வேலை பார்க்கும் ஓரிரண்டு டாக்டர்கள் என்று எல்லாருடைய வரிப் பாரமும் (படிவமும்) என் கையால் போகிறது. அதனால் கொஞ்சம் உரிமையோடு, நீளமாகவே சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே விகித வரியில் உண்மையான நன்மைகள் உண்டு. வேலையில் அவற்றை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் அதை எந்த வடிவில் கொண்டுவந்தாலும் சுமை வந்து உட்காருவது உங்களைப் போன்ற பிள்ளைகளின் தோளில்தான். முதல் தலைமுறையாகத் தோட்டத்தை விட்டு வெளியே வந்து மாதச் சம்பளம் வாங்குகிறீர்களே, அந்தத் தோளில்.

நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் என்று பிடிப்பார்கள். சம்பள நாளன்று கிராணியின் (எழுத்தரின்) மேசைக்குப் பக்கத்தில் கோயில் தலைவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். பால் வெட்டுகிறவர், களை எடுக்கிறவர், தண்டல் (மேற்பார்வையாளர்), ஆபீஸ் கிராணி எல்லாருக்கும் ஒரே சட்டம். இதுதான் ஒரே விகித வரி. கூட வாங்குகிறவர் கூடத்தான் கொடுக்கிறார். கிராணியின் ஒரு நாள் சம்பளம் எங்கள் அப்பாவின் ஒரு நாள் சம்பளத்தைவிட மூன்று மடங்கு. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும்.

ஆனால் அந்த மாதம் எங்கள் அம்மா பால் டின்னில் ஒன்றைக் குறைத்துவிடுவார். காலையில் கட்டங்காப்பி. கிராணி வீட்டில் எதுவும் குறையாது. அவர் நல்ல மனிதர், அன்னதானத்துக்குத் தனியாகவும் கொடுப்பார். ஒரு வருடம் புதுத் தலைவர் வந்தார். நான்கு பிள்ளைகளுக்கு மேல் உள்ள குடும்பத்துக்கு அரை நாள், ஆபீஸ்காரர்களுக்கு இரண்டு நாள் என்று மாற்றினார். யாரும் முணுமுணுக்கவில்லை, கிராணியும்கூட. படி வைத்த வரிக்குப் பின்னால் இருக்கும் நியாயம் இதுதான். ஒரு நாள் சம்பளம் என்பது எல்லா வீட்டிலும் ஒரே எடை இல்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாரும் ஒரே தொகை கொடுப்பது வேறு, ஒரே விகிதம் கொடுப்பது வேறு. ஊரில் தலைக்கட்டு வரி என்பார்களே, அது ஒரே தொகை. நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-ல் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதைச் சிலர் இதற்கு உதாரணமாக இழுப்பார்கள். அது பங்குப் பணம். கொடுத்தவர் பெயரில் நின்றது. வரியோடு அதைச் சேர்த்துப் பேசக் கூடாது.

சரி, உங்கள் சம்பளத்துக்கு வருவோம்.

நீங்கள் தனி ஆள் என்று வைத்துக்கொள்கிறேன். வருட வருமானம் 72,000. கழிவு என்பது வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை. சொந்தக் கழிவு 9,000, சேமநிதிக்கு 4,000, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்கு 350, கைப்பேசி, இணையம், புத்தகம் எல்லாம் சேர்த்து வாழ்க்கைமுறைக் கழிவு 2,500. மொத்தம் 15,850 போக வரிக்குரிய வருமானம் 56,150. இப்போதைய அட்டவணைப்படி முதல் 50,000-க்கு 1,500 வெள்ளி, மீதி 6,150-க்கு 11 விழுக்காடு. ஆக 2,176 வெள்ளி 50 காசு. சம்பளம் 5,000 ஆக இருந்தபோது இதே கணக்கில் 1,149. நீங்கள் சொல்வது சரிதான், ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் வருடத்துக்கு 12,000 கூட வந்து அதில் வரியாகப் போனது 1,027 வெள்ளி 50 காசுதான். மொத்தச் சம்பளத்தில் பார்த்தால் நீங்கள் கட்டும் வரி 3 விழுக்காடு.

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. போன வருடம் ஆலையில் ஃபோர்மேனாக இருக்கும் ஒருவர் வந்து, "ஐயா, போனஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? அடுத்த படிக்குப் போனால் கையில் குறைந்துவிடுமாமே" என்று கேட்டார். ஒரு தாளில் மாடிப்படி வரைந்து காட்டினேன். 70,000-ஐத் தாண்டினால் 19 விழுக்காடு என்றால், தாண்டிய பணத்துக்கு மட்டும்தான் 19. கீழே உள்ள 70,000 பழைய விகிதத்திலேயே இருக்கும். 100 வெள்ளி கூட வந்தால் 81 கையில் நிற்கும். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

உண்மையான பள்ளம் ஒன்று இருக்கிறது, அது விகித அட்டவணையில் இல்லை. வரிக்குரிய வருமானம் 35,000 வரை உள்ளவருக்குக் கட்ட வேண்டிய வரியிலேயே 400 வெள்ளி தள்ளுபடி. 35,000-ல் கட்ட வேண்டியது 200. ஒரே ஒரு வெள்ளி கூடினால் 600. அரசாங்கத்தின் ரஹ்மா உதவித் தொகையிலும் அப்படித்தான், குடும்ப வருமானம் எல்லையைத் தாண்டியதும் தொகை சட்டென்று இறங்கிவிடும். ஒரே விகிதம் வைத்தாலும் இந்தப் பள்ளங்கள் அப்படியே இருக்கும், ஏனென்றால் இவை விகிதத்தால் வந்தவை இல்லை.

இப்போது அந்த பல்கேரிய 10 விழுக்காட்டை உங்கள் தலையில் வைத்துப் பார்ப்போம். கழிவுகள் எல்லாவற்றையும் விட்டுவைத்தாலும் 56,150-ல் 10 விழுக்காடு 5,615 வெள்ளி. இன்று கட்டுவதைப்போல இரண்டரை மடங்கு. பல்கேரியாவில் 2008-ல் இந்த வரி வந்தபோது, வரியில்லாத அடிப்படை வருமானம் என்பதையே எடுத்துவிட்டார்கள், முதல் காசிலிருந்தே 10. அப்படிச் செய்தால் உங்களுக்கு இன்னும் கூடும்.

ஒருவரை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு சிறிய ஊரையே எடுத்துக்கொள்வோம். இது நான் போட்ட மாதிரிக் கணக்கு, நாட்டின் புள்ளிவிவரம் இல்லை. ஊரில் மூன்று வகை ஆட்கள். முதல் வகை, மாதம் 3,000 வாங்கும் ஆலைத் தொழிலாளி, மனைவி வீட்டில், பள்ளி போகும் இரண்டு பிள்ளைகள். கழிவுகள் போக வரிக்குரிய வருமானம் 15,040. ஒரு விழுக்காட்டுக் கணக்கில் வரும் நூறு வெள்ளியும் தள்ளுபடியில் போய்விடும், கட்டுவது பூஜ்யம். இரண்டாம் வகை நீங்கள், 2,176.50. மூன்றாம் வகை, வரிக்குரிய வருமானம் 500,000 உள்ள சிறப்பு மருத்துவர். அவர் கட்டுவது 110,400.

தொழிலாளிகள் பத்துப் பேர், உங்களைப் போல் ஐந்து பேர், மருத்துவர் ஒருவர். இந்த ஊர் இன்று கொடுக்கும் வரி சுமார் 121,280 வெள்ளி. அரசாங்கத்துக்கு ஒரு காசும் குறையக் கூடாது, ஆனால் ஒரே விகிதம்தான் என்றால் 13 விழுக்காடு வைக்க வேண்டும். அப்போது தொழிலாளி ஒவ்வொருவரும் 1,959 கட்ட வேண்டும், அதாவது அரை மாதச் சம்பளத்துக்கு மேல். நீங்கள் 7,313. மருத்துவர் 65,125.

"ஏழைக்கு விலக்கு கொடுத்துவிட்டால் என்ன?" என்பீர்கள். ஒரே விகிதத்தை ஆதரிக்கிற கெட்டிக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள். சரி, வரிக்குரிய வருமானத்தில் முதல் 20,000-க்கு வரியே இல்லை, அதற்கு மேல் ஒரே விகிதம் என்று வைப்போம். தொழிலாளி பழையபடி பூஜ்யம், நல்லது. ஆனால் விடுபட்ட பணத்தை ஈடுகட்ட விகிதத்தை 18 விழுக்காட்டுக்கும் சற்று மேலே ஏற்ற வேண்டும். மருத்துவர் கட்டுவது 88,100, அவருக்கு 22,000 வெள்ளிக்கு மேல் மிச்சம். நீங்கள் கட்டுவது 6,635. இன்று கட்டுவதைப்போல மூன்று மடங்கு.

கீழே இருப்பவரைக் காப்பாற்றி, மேலே இருப்பவருக்குக் குறைத்து, மொத்தத் தொகையையும் குறையாமல் வைத்தால், அந்த வித்தியாசம் நடுவில் இருப்பவரிடமிருந்துதான் வந்தாக வேண்டும். ஆட்களின் எண்ணிக்கையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். தொகைகள் மாறும், திசை மாறாது. "ஒரே விகிதம் பணக்காரனுக்கு லாபம், ஏழைக்கு நஷ்டம்" என்று மேடையில் பேசுவார்கள். ஏழைக்கு விலக்கு கொடுத்தால் அது பாதிதான் உண்மை. அந்த மேடையில் யாரும் பேசாத ஆள் நீங்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நன்மைகளை மறைத்தால் அது நேர்மை ஆகாது. இரண்டு நன்மைகள் எனக்குப் பெரியதாகப் படுகின்றன.

முதலாவது, ஏறி இறங்கும் வருமானம். நம் ஊரில் பாதிப் பேருடைய பிழைப்பு செம்பனை விலையோடு கட்டிப் போட்டது. 2018 கடைசியில் கச்சாப் பனை எண்ணெய் டன் 2,000 வெள்ளியைச் சுற்றிக் கிடந்தது. 2022 மார்ச்சில் 7,000-ஐத் தாண்டியது. குலை ஏற்றும் லோரி இரண்டு வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் வரிக்குரிய வருமானம் 20,000, அடுத்த வருடம் 100,000. முதல் வருடம் வரி இல்லை, அடுத்த வருடம் 9,400. அவருடைய மைத்துனர் ஒரு பள்ளியில் ஆசிரியர் என்று வையுங்கள், இரண்டு வருடமும் 60,000. வருடத்துக்கு 2,600, இரண்டு வருடத்துக்கு 5,200. இரண்டு பேரும் சம்பாதித்தது ஒரே 120,000. ஆனால் லோரிக்காரர் 4,200 வெள்ளி கூடக் கட்டுகிறார். மழையிலும் விலைச் சரிவிலும் அடிபட்டவருக்கு மேலும் ஓர் அடி. படி வைத்த வரியின் உண்மையான குறை இது. ஒரே விகிதம் வைத்தால் இந்த வித்தியாசம் வராது. மேல்படிக்காரருக்கு எவ்வளவு என்றே சண்டை போடுகிறவர்கள் இந்த லோரிக்காரரைப் பற்றிப் பேசுவதே இல்லை. அது எனக்கு வருத்தம்தான்.

இரண்டாவது, வருமானத்தைப் பிரித்து எழுதும் வேலை. படிகள் இருக்கும்வரை, மேல்படியில் உள்ள பணத்தைக் கீழ்ப்படிக்கு இறக்க எல்லாரும் வழி தேடுவார்கள். கடை முதலாளி மனைவி பெயரில் சம்பளம் எழுதுவார், மகன் பெயரில் எழுதுவார். வியாபாரம் கொஞ்சம் பெருத்ததும் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) ஆக்குவார். சும்மா இல்லை, கணக்கு அப்படி. தனி ஆளாக 300,000-க்கு வரி 59,400. சிறு நிறுவனமாக்கினால் முதல் 150,000-க்கு 15 விழுக்காடு, அதற்கு மேல் 17, ஆக 48,000. மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கதவு எதுவும் திறக்காது, முதலாளி கொடுக்கும் வருடச் சம்பளக் கணக்கான இ.ஏ. பாரத்தில் உள்ளது உள்ளபடிதான். தனி ஆளுக்கும் நிறுவனத்துக்கும் ஒரே விகிதம் இருந்தால் இந்த வேலை எல்லாம் அர்த்தமற்றுப் போகும். ஸ்லோவாக்கியா 2004-ல் அப்படித்தான் செய்தது: தனி ஆள் வருமானத்துக்கு 19, நிறுவன லாபத்துக்கு 19, விற்பனைக்கான மதிப்புக்கூட்டு வரியும் 19. பார்க்க அழகான ஏற்பாடு. 2013-ல் மேல்மட்டத்துக்கு 25 என்று இரண்டாம் படி வைத்துவிட்டார்கள்.

எளிமை என்று சொல்கிறார்களே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் என் கடையில் வந்து உட்கார்ந்து பாருங்கள். ஓர் அம்மா பிஸ்கட் டின்னைத் திறந்து மேசை மேல் கொட்டுவார். மருந்துக்கடை ரசீது, கைப்பேசி ரசீது, பிள்ளையின் பாலர் பள்ளி ரசீது. பாதி ரசீதில் எழுத்தே இருக்காது, மெஷினில் அடிக்கும் அந்த வழவழப்புத் தாள் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும். ஆனால் ஏழு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எது வாழ்க்கைமுறைக் கழிவு, எது விளையாட்டுக்கான தனி 1,000, பெற்றோர் மருத்துவச் செலவுக்கு டாக்டர் சான்று இருக்கிறதா, பாலர் பள்ளி பதிவு பெற்றதா. முக்கால் மணி நேரம் இதற்குத்தான் போகும். பிறகு எண்களை இ-ஃபைலிங்கில் தட்டினால் வரி எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும். விகித அட்டவணையை நான் கையால் போட்டுப் பார்த்து வருடக்கணக்காகிறது. பத்துப் படியை ஒரு படியாக்கினால் என் வேலையில் ஒரு நிமிடம்கூடக் குறையாது. பிஸ்கட் டின் குறைந்தால்தான் குறையும்.

இந்த யோசனையை முழுமையாக எழுதியவர்களும் அதைத் தெரிந்துதான் எழுதினார்கள். அமெரிக்காவில் ஹூவர் நிறுவனத்தின் ராபர்ட் ஹால், ஆல்வின் ரபுஷ்கா இருவரும் 1980-களின் தொடக்கத்தில் 19 விழுக்காட்டு ஒரே வரியை முன்வைத்தார்கள். பாரம் ஓர் அஞ்சலட்டை அளவு இருந்தால் போதும் என்றார்கள். எப்படி? குடும்பத்துக்கு ஒரு பெரிய அடிப்படை விலக்கைக் கொடுத்துவிட்டு, மற்ற எல்லாக் கழிவுகளையும் அடியோடு எடுத்துவிட்டார்கள். அஞ்சலட்டை அளவு வந்தது அதனால்தான். படிகளை வைத்துக்கொண்டே கழிவுகளை எடுத்தாலும் அதே அஞ்சலட்டைதான் வரும்.

கழிவுகளைப் பற்றிப் பேசும்போது இதையும் பாருங்கள். 2,500 வெள்ளி வாழ்க்கைமுறைக் கழிவால் உங்களுக்கு மிச்சமாவது 275 வெள்ளி. அந்த மருத்துவருக்கு 650. ஆலைத் தொழிலாளிக்கு ஒன்றுமே இல்லை, அவர்தான் வரி கட்டவில்லையே. அதே கைப்பேசி, அதே ரசீது. மேல்படியில் இருப்பவருக்குக் கூடக் கொடுக்கும் கழிவுதான் படி வைத்த வரியில் எனக்குப் பிடிக்காத பகுதி. ஒரே விகிதத்தை ஆதரிப்பவர்கள் இதைச் சுட்டிக் காட்டும்போது நான் அவர்கள் பக்கம்.

வெளிநாட்டு அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்டோனியா 1994-ல் 26 விழுக்காட்டில் தொடங்கியது. பிறகு படிப்படியாக 20 வரை இறக்கி, 2025-ல் 22 ஆக்கியிருக்கிறது. ஆனால் 2018 முதல் 2025 வரை அடிப்படை விலக்கை வருமானம் ஏற ஏறக் குறைத்துக்கொண்டே போனார்கள். விகிதம் ஒன்றுதான், சுமை படிப்படியாக ஏறியது. ரஷ்யா 2001-ல் 12, 20, 30 என்றிருந்த படிகளை எடுத்துவிட்டு 13 ஆக்கியது. வரி வசூல் கூடியது என்று உலகமே பேசியது. அனைத்துலகப் பண நிதியத்தின் ஆய்வாளர்கள் 2005-ல் அதை நுணுக்கிப் பார்த்து, மறைத்தவர்கள் கொஞ்சம் ஒழுங்காகக் கட்டத் தொடங்கினார்கள், ஆனால் வரி குறைந்ததால் ஆட்கள் கூட உழைத்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். 2021-ல் ரஷ்யாவே இரண்டாம் படி வைத்தது, 2025 முதல் ஐந்து படி, உச்சம் 22. லாட்வியா 2018-லும் செக் குடியரசு 2021-லும் ஒரே விகிதத்தைக் கைவிட்டன. பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி இன்னும் வைத்திருக்கின்றன. கம்யூனிச ஆட்சி முடிந்து, வரி வசூலிக்கும் அமைப்பே பலவீனமாக இருந்த நாடுகளில், மறைக்கிறவனை வெளியே கொண்டுவர ஒரு தாழ்ந்த விகிதம் உதவியது. நம் நாட்டில் சம்பளக்காரரிடம் மாதாமாதம் சம்பளத்திலேயே வரியை (பிசிபி) பிடித்துவிடுகிறார்கள். மறைக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

நீங்கள் சொன்ன ஹங்கேரியில் வருமான வரி 15தான். ஆனால் கடையில் பொருள் வாங்கினால் மதிப்புக்கூட்டு வரி 27 விழுக்காடு, ஐரோப்பிய ஒன்றியத்திலேயே அதிகம். பல்கேரியாவில் 20. வருமானத்தில் விட்டதைக் கடையில் பிடிக்கிறார்கள். நமக்கு 2015 ஏப்ரல் 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது 6 விழுக்காடுதான். அதற்கே நம் பசாரில் எவ்வளவு பேச்சு! 2018 ஜூன் 1-ல் அதைப் பூஜ்யமாக்கினார்கள், செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி (எஸ்எஸ்டி) திரும்பி வந்தது. தோட்டத்துக் குடும்பம் சம்பளம் முழுவதையும் மளிகைக்கடையிலும் பெட்ரோலிலும் பள்ளிச் செலவிலும் போடுகிறது. மாதம் 40,000 வாங்குகிறவர் பெரும்பகுதியைச் சேமிக்கிறார், பங்கு வாங்குகிறார். ஆகவே பொருள் மீதான வரி பெயரில் ஒரே விகிதம், வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் ஏழைக்கே அதிக விகிதம். வருமான வரியைத் தட்டையாக்கிவிட்டு அந்தக் குறையைக் கடையில் சரிக்கட்டினால், இன்று ஒரு காசும் வருமான வரி கட்டாத அந்தத் தொழிலாளிதான் கட்டுவார்.

ஒரே விகித வருமான வரியைப் பார்க்க ஐரோப்பாவுக்கும் போக வேண்டாம், நம் தோட்டத்திலேயே இருக்கிறது. வருடத்தில் 182 நாளாவது இந்த நாட்டில் தங்காதவர் பொதுவாக வரிக் கணக்கில் குடியிருப்பாளர் இல்லை. அவருக்கு வேலை வருமானத்தில் 30 விழுக்காடு, முதல் வெள்ளியிலிருந்து, கழிவு எதுவும் கிடையாது. செப்டம்பரில் வேலைக்கு வந்து சேர்ந்த ஒரு நேப்பாளத் தம்பியைக் கடைக்கார நண்பர் ஒருவர் என்னிடம் அழைத்து வந்தார். சம்பளச் சீட்டைக் காட்டினார். 1,700-ல் 510 வரி. வேறு பிடித்தங்களும் போய், ஊருக்கு அனுப்ப மிஞ்சியது மிகக் கொஞ்சம். "என் முதலாளிக்கும் இதே விகிதமா?" என்று அரைகுறை மலாயில் கேட்டார்.

இதில் ஒரு வழி உண்டு, தெரிந்தவர்கள் மற்றவருக்குச் சொல்லுங்கள். அந்த வருடத்தில் 182 நாள் இல்லாவிட்டாலும், அடுத்த வருடத்தில் தொடர்ந்து 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்து, அந்தத் தங்கலோடு முதல் வருடத் தங்கல் தொடர்ச்சியாக இணைந்திருந்தால், முதல் வருடத்துக்கும் குடியிருப்பாளராகக் கணக்கிட 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இடம் தருகிறது. அவருடைய கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கங்களை நகலெடுத்து, அடுத்த வருடம் பாரம் அனுப்பி, பிடித்ததைத் திரும்பக் கேட்டோம். படி வைத்த அட்டவணைக்குள் வந்ததும் அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பணம் வங்கிக்கு வந்த அன்று ஒரு பை ஆரஞ்சோடு வந்து நின்றார்.

என்னைக் கேட்டால் படிகளை விடக் கூடாது. பத்து வேண்டாம், நான்கைந்து போதும். 35,000-ல் உள்ள அந்தப் பள்ளத்தைச் சரிவாக்கித் தள்ளுபடி மெல்லக் குறையும்படி செய்ய வேண்டும். சின்னச் சின்னக் கழிவுகளை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே தொகை மிச்சமாகும் தள்ளுபடியாக மாற்ற வேண்டும். லோரிக்காரருக்கும் சிறு தோட்டக்காரருக்கும் மூன்று வருட வருமானத்தைச் சராசரி எடுத்து வரி போடலாம். மேலே உள்ள பலருக்குப் பணம் சம்பளமாக மட்டும் வருவதில்லை, பங்காதாயமாகவும் (டிவிடெண்ட்) வருகிறது. 2025 முதல் 100,000-ஐத் தாண்டிய பங்காதாயத்துக்கு 2 விழுக்காடு வைத்திருக்கிறார்கள், அந்த எல்லையைத் தாண்டிய சம்பளத்துக்கு 25. இந்த இடைவெளியை நெருக்கினால் கிடைக்கும் நியாயம், படிகளை எடுத்தால் கிடைப்பதைவிடப் பெரிது.

உங்கள் கணக்குக்கு ஒன்று. அப்பாவுக்கு ஈப்போவில் சிகிச்சை நடக்கிறது, செலவு நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். பெற்றோர் மருத்துவச் செலவுக்கு 8,000 வரை கழிவு உண்டு, டாக்டர் சான்று வேண்டும். உங்கள் படியில் முதல் 6,150 வரை ஒவ்வொரு 1,000-க்கும் 110 வெள்ளி மிச்சம். ரசீதுகளை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள், ஏப்ரல் வரைக்கும் அந்தத் தாளில் எழுத்து நிற்காது.